பத்து மில்லியன் அபராதமும் நாள் சராசரியும்

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2024 திருத்தம் அந்த ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி நடப்புக்கு வந்துவிட்டது. அதிகபட்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் என்று செய்தி வந்ததிலிருந்து மேரு, காப்பார், பண்டமாரான் வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். முக்கால்வாசிக் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான்: பக்கத்துத் தொழிற்சாலை இனிமேல் புகையைக் குறைத்தாக வேண்டுமா?

வேண்டியதில்லை. புகைபோக்கி வழியே எவ்வளவு போகலாம் என்ற வரம்பில் ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை. அந்த வரம்புகள் 2014-ஆம் ஆண்டின் தூய காற்று ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. பழைய ஆலைகளுக்குக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசமும் 2019 ஜூனில் முடிந்துபோனது. இப்போது மாறியிருப்பது தண்டனை. காற்றை மாசுபடுத்தும் குற்றத்துக்கு முன்பு அதிகபட்சம் 1 லட்சம் ரிங்கிட். இனி 10 மில்லியன். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. பழைய அபராதம் எவ்வளவு அற்பமானது என்பது அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடுமையான தண்டனை வந்தால் ஆலைகள் அஞ்சும் என்கிறது அரசு. அஞ்சலாம். ஆனால் வரம்பை மீறியதாக ஓர் ஆலை பிடிபட்டால்தான் இந்தத் தொகைக்கு வேலை. மீறல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பற்றி எந்த அறிவிப்பும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கணக்குக்குத்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

பெரிய ஆலைகளின் புகைபோக்கிக்குள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அளவுகள் இணையம் வழியே சுற்றுச்சூழல் துறைக்கு, அதாவது நாம் ஜாஸ் என்று சொல்லும் அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு நாளின் சராசரி வரம்பைத் தாண்டக் கூடாது. எந்த அரை மணி நேரத்தின் சராசரியும் வரம்பைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டிலும் தேறிவிட்டால் அன்று மீறல் இல்லை.

நிலக்கரியில் ஓடும் மின் நிலையத்துக்குத் தூசு வரம்பு, ஒரு கன மீட்டர் புகைக்கு 50 மில்லிகிராம். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஒரு நிலையத்தைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 48 அரை மணிகள். நள்ளிரவிலிருந்து அதிகாலை நாலு மணிவரை, அதாவது 8 அரை மணிகளுக்கு, 95 மில்லிகிராம் வீதம் போகிறது. மிச்சமுள்ள 40 அரை மணிகளிலும் 41 மில்லிகிராம். எட்டுத் தொண்ணூற்றைந்து 760. நாற்பது நாற்பத்தொன்று 1,640. ஆக மொத்தம் 2,400. அதை 48-ஆல் வகுத்தால் சரியாக 50. நாள் சராசரி வரம்பைத் தாண்டவில்லை, எந்த அரை மணியும் 100-ஐத் தொடவில்லை. நாலு மணி நேரம் ஏறக்குறைய இரட்டிப்புத் தூசு வெளியேறியும், சட்டத்தின் கண்ணில் அது ஒழுங்காக நடந்த ஆலை. 10 மில்லியனுக்கு அங்கே இடமே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிறது, ஜன்னலில் கரி படிகிறது, புகார் செய்தால் ஆலை வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பதில் வருகிறது என எழுதியவர்கள் பலர். அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் புகார் ஒரு மணி நேரத்தைப் பற்றியது. வரும் பதில் ஒரு நாளைப் பற்றியது.

கைப்பேசியில் நாம் பார்க்கும் காற்று மாசுக் குறியீடான ஐபியுவும் இந்த விஷயத்தில் கை கொடுக்காது. நுண்தூசுக்கு அது எடுத்துக்கொள்வதும் 24 மணி நேரச் சராசரிதான். ஆலைப் பக்கம் ஒரு சராசரி, ஊர்ப் பக்கம் ஒரு சராசரி. குழந்தைக்கு இழுப்பு வந்த அந்த இரவு இரண்டிலும் கரைந்துபோகிறது.

சராசரி பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எரிபொருள் மாறும்போதும் சுமை ஏறி இறங்கும்போதும் அளவு சற்றுத் துள்ளத்தான் செய்யும். ஒவ்வொரு நொடித் துள்ளலுக்கும் வழக்குப் போட முடியாது. ஜெர்மனியின் விதியும் இதே போல நாளுக்கு ஒரு வரம்பும் அரை மணிக்கு இரு மடங்கும் வைத்திருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. ஐபியு எண்ணை மணிக்கு மணி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புகைபோக்கியின் அரை மணிக் கணக்கு ஆலையிலிருந்து அலுவலகத்துக்குப் போகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர் கண்ணில் படுவதில்லை. தண்டனையை நூறு மடங்கு ஏற்றிய அரசு, அந்த அரை மணி எண்களையும் ஊர் பார்க்கும்படி வெளியிட்டிருந்தால் நான் இந்தத் திருத்தத்தை முழு மனத்தோடு வரவேற்றிருப்பேன்.

ஆகவே புகார் கொடுப்பவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதையும் எழுதுங்கள். வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் வந்தால், அன்றைய நாள் சராசரியைக் கேட்டு நிறுத்திவிடாமல், குறிப்பிட்ட அந்த அரை மணிகளின் அளவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு மாற்றம் செய்திகளில் போதிய கவனம் பெறவில்லை. வழக்கு நீதிமன்றம் போகாமலே கம்பவுண்ட் கட்டி முடித்துக்கொள்ளும் வழி முன்பும் இருந்தது. அதன் உச்சம் 2,000 ரிங்கிட். இனி அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்ச அபராதத்தில் பாதிவரை கம்பவுண்ட் விதிக்கலாம். 10 மில்லியன் குற்றத்துக்கு 5 மில்லியன்வரை. வசூல் வேகமாகும், உண்மை. ஆனால் கட்டியதும் வழக்கு இல்லை. எந்த ஆலை, எந்த இரவு, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் பேசப்படாமலே போகும். துறை இந்த வழியை எத்தனை முறை நாடுகிறது என்பதை வைத்துத்தான் இந்தத் திருத்தத்தை எடைபோட வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஒரே சாலையில் பத்து ஆலைகள், பத்தும் வரம்புக்குள் இருந்தால்? வரம்பு ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனி. பத்தையும் கூட்டிப் பார்க்கும் வரம்பு இந்த ஒழுங்குமுறைகளில் இல்லை.

விசிறி போட்டு வெளிக்காற்றைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்ட முடியாதா? முடியாது, புகையிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து அளவைத் திருத்துகிறார்கள். 6 விழுக்காடு அடிப்படையாக இருக்க, 13.5 விழுக்காட்டில் எடுத்த 30 மில்லிகிராம் 60 என்றே பதிவாகும்.

ஊர்க் காற்றிலுள்ள நுண்தூசுக்கு நாள் வரம்பு 35, ஆலைத் தூசுக்கு 50 என்றால் பெரிய வித்தியாசம் இல்லையே? முன்னது மைக்ரோகிராம், பின்னது மில்லிகிராம், ஆயிரம் மடங்கு.

பிரிக்பீல்ட்ஸில் ஆலையே இல்லை, எங்களுக்கு இதனால் என்ன? உங்கள் தெருப் புகையில் பெரும்பங்கு வண்டிகளுடையது. அதற்கு விதிகள் வேறு.

ஜெஞ்சாரோமில் நடந்ததுபோல் அனுமதியே இல்லாமல் பிளாஸ்டிக் எரிப்பவர்கள்? அவர்களிடம் கண்காணிப்புக் கருவியும் இல்லை, சராசரியும் இல்லை. எரியும்போதே புகார் கொடுத்தால்தான் பிடிபடுவார்கள்.

குறைந்தபட்ச அபராதம் உண்டா? இப்போது உண்டு: 5,000 ரிங்கிட்.

திருத்தம் வருமுன் நடந்த மீறலுக்குப் புதிய தண்டனை கிடைக்குமா? கிடைக்காது. குற்றம் நடந்த நாளில் சட்டத்தில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 7-ஆவது பிரிவு தடுக்கிறது. 2024 ஜூலை 7-க்கு முந்தியவற்றுக்குப் பழைய அபராதம்தான்.