வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

2011 மே 26, வியாழக்கிழமை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ரத்தமாகப் போகும் வயிற்றுப்போக்கு. அதைத் தொடர்ந்து பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்று நகரத்தின் சுகாதாரத் துறைப் பொறுப்பாளர் கொர்னேலியா ப்ரூஃபர்-ஷ்டோர்க்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சோதித்த வெள்ளரிக்காய்களில் நான்கில் ஈ-கோலை கிருமி இருக்கிறது, அவற்றில் மூன்று ஸ்பெயினிலிருந்து வந்தவை என்றார்.

அதோடு ஸ்பெயின் வெள்ளரிக்காய்க்கு வாங்க ஆளில்லாமல் போயிற்று. வெள்ளரிக்காய் மட்டுமல்ல, தக்காளி, குடைமிளகாய், சுக்கினி, லெட்யூஸ் என்று பச்சையாக இருந்த எல்லாவற்றின் மீதும் சந்தேகம் படர்ந்தது. ஏற்றுமதிக்கென்று பறித்த காய் குப்பைக்குப் போனது. ஜூன் 2-ம் தேதி ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலிருந்தும் காய்கறி வரக்கூடாது என்று தடை போட்டது. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று ஸ்பெயின் ஏற்றுமதியாளர் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது.

அடி விழுந்த இடம் எது, அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் பார்க்க வேண்டும். தென் ஸ்பெயினில் அல்மேரியா என்றொரு மாகாணம். மழையே அரிதான வறண்ட பூமி. அங்கே சுமார் 30,000 ஹெக்டேரில் பிளாஸ்டிக் கூரை போட்டு, சொட்டுநீரில் காய்கறி விளைவிக்கிறார்கள். விண்வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பெரும்பாலானவை இரண்டு, மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்களின் பண்ணைகள். 2008-ல் ஸ்பெயினின் கட்டுமானத் தொழில் சரிந்தபோது வேலை இழந்த பலர் மறுபடி இந்தக் கூரைகளுக்குள்தான் வந்து நின்றார்கள். 2011-ல் நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. மே 15 முதல் மாட்ரிட்டின் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் இளைஞர்கள் இதை எதிர்த்துக் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். வங்கிகள் கடன் கொடுக்கக் கையைச் சுருக்கிக்கொண்ட நேரம். விதை, உரம், பிளாஸ்டிக், கூலி என்று எல்லாச் செலவையும் முன்னாலேயே போட்டுவிட்டுக் கடைசிப் பறிப்பின் பணத்துக்குக் காத்திருந்த விவசாயியின் தலையில்தான் இந்த அறிவிப்பு விழுந்தது.

நெல்லென்றால் மூட்டை கட்டி வைக்கலாம். வெள்ளரிக்காய்க்கு அந்த வசதி இல்லை. உண்மை தெரியட்டும், பிறகு விற்கலாம் என்று விவசாயி உட்கார முடியாது. கொடியில் விட்டால் முற்றிப்போகும், பறித்து வைத்தால் வாடிப்போகும்.

உண்மை தெரிய ஐந்து நாள் ஆனது. மே 31-ல் வந்த முடிவின்படி அந்த ஸ்பெயின் வெள்ளரிக்காய்களில் இருந்தது வேறு வகை ஈ-கோலை. ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது ஓ104:எச்4 என்ற வகை. அல்மேரியா அடங்கிய ஆந்தலூசியா பிராந்திய அரசின் வேளாண் பொறுப்பாளர் கிளாரா அகிலேரா கேமராக்களுக்கு முன்னால் வெள்ளரிக்காயைக் கடித்துத் தின்று காட்டினார். வாலென்சியாவில் ஜெர்மன் தூதரக அலுவலகத்தின் வாசலில் விவசாயிகள் காய்கறிகளைக் கொட்டினார்கள்.

மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது எச்சரிக்காமல் இருக்க முடியாது; ஹாம்பர்க் எச்சரித்ததில் குற்றம் காண முடியாது. பச்சைக் காயைத் தவிர்க்கச் சொன்னது சரி. ஆனால், எந்த வகைக் கிருமி என்ற முடிவு கைக்கு வரும்முன் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னது பிழை. அந்தப் பிழைக்கான விலையை அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கொடுத்தார்கள்.

உண்மையான மூலம் பிடிபட்ட விதம் அருமையானது. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரிக்காய், லெட்யூஸ் என்றுதான் சொன்னார்கள். மேலே தூவியிருந்த ஒரு பிடி முளைகட்டிய பயறு பலருக்கு நினைவிலேயே இல்லை. அதனால் ஜெர்மனியின் தொற்றுநோய் ஆய்வு அமைப்பான ராபர்ட் கோக் ஆய்வு நிலையத்தார் ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரர்களைக் கேட்டார்கள். முளைப்பயறு சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இன்னொரு பக்கம், நோய் கண்ட 41 இடங்களின் கொள்முதல் சீட்டுகளைப் பின்தொடர்ந்தபோது எல்லா வழியும் ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் பீனன்பியூட்டல் என்ற ஊரில் விதைகளை முளைகட்டி விற்கும் ஒரே பண்ணையில் போய் முடிந்தது. அந்தப் பண்ணைக்குப் போனது 75 கிலோ வெந்தயம். 2009-ல் எகிப்திலிருந்து வந்த 15 டன் சரக்கின் ஒரு பங்கு அது. ஜூனில் பிரான்சின் போர்தோ அருகே சிலர் நோயுற்றபோது அங்கேயும் வெந்தய முளைதான் காரணம். விதை வந்ததும் அதே சரக்கிலிருந்துதான்.

வெந்தயத்தில் அந்தக் கிருமி கடைசிவரை கிடைக்கவில்லை. வழக்கைத் தீர்த்தது ரசீதுகளும் லாரிச் சீட்டுகளும்தான். விதை மூட்டை எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று எழுதி வைத்தே ஆகவேண்டும் என்ற விதி முளைப்பயறுக்கு ஐரோப்பாவில் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கொடுமையில் ஏற்பட்ட நல்லது இது ஒன்று.

பழி இடம் மாறி விழுவது இது முதல்முறையும் அல்ல. 2008-ல் அமெரிக்காவில் 1,400 பேருக்கு மேல் சால்மொனெல்லா தொற்றியபோது சந்தேகம் முதலில் தக்காளி மேல் போனது. வயலிலேயே தக்காளி அழுகிய பிறகு, ஜூலையில்தான் மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாயில் அந்தக் கிருமி அகப்பட்டது.

ஜெர்மனியில் தொடங்கிய தொற்று அடங்கும்போது ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றிருந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 22.7 கோடி யூரோ ஒதுக்கியது. ஆனால் விற்பனைக்கே போகாத காய்க்குத்தான் பணம். அதுவும் முழு விலை இல்லை. பாதி விலைக்குத் தள்ளிவிட்டவருக்கும், வாடிக்கையாளரை இழந்தவருக்கும் அதில் எதுவும் இல்லை. ஸ்பெயினுக்குக் கிடைத்தது சுமார் 7.1 கோடி. ஏற்றுமதியாளர்கள் சொன்ன ஒரு வார நஷ்டத்தில் அது பாதிகூட இல்லை.