“பவர்” கேட்டு வந்தார் வாலிபர். விஷப்புகையைக் காட்டினார் மெக்கானிக்!

கொல்லிமலை ஜீப்பில் தாய்க்கு மயக்கம் வந்த மர்மம் அம்பலம்

நாமக்கல்,

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் சீறிக்கொண்டு ஏற வேண்டும் என்று ஒரு வாலிபருக்கு ஆசை. தன்னுடைய ஜிப்சி ஜீப்பை நாமக்கல்லில் உள்ள ஒரு பட்டறைக்கு ஓட்டி வந்தார். கையில் ஒரு சாக்குப்பை. அதற்குள் பளபளவென்று வளைந்து நெளிந்த குழாய்கள். “இத மாட்டி விடுங்கண்ணே” என்றார்.

பானட்டைத் திறந்த மெக்கானிக் அந்தக் குழாய்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ஜினையே உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த வண்டியில யாரு யாரெல்லாம் ஏறுறாங்க கண்ணு?”

ஏன் அப்படிக் கேட்டார்? பதில் சொன்ன வாலிபரின் முகம் ஏன் வெளுத்தது? விவரம் வருமாறு:-

மலைக்கு ஏற்ற வண்டி

வாலிபருக்கு ஊர் மலை மேலே, செம்மேடு பக்கம். மிளகும் அன்னாசியும் வாங்கி கீழே கொண்டு வந்து விற்கிறார். வீட்டில் தாய் மட்டும். 2 வருடத்துக்கு முன்பு பழைய ஜிப்சி ஒன்றை வாங்கினார்.

மாருதி ஜிப்சி 1985-ல் வந்த வண்டி. அப்போது அதில் 970 சி.சி. என்ஜின். 1996-ல் 1,300 சி.சி. என்ஜினோடு “ஜிப்சி கிங்” ஆனது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. வந்தது, 80 குதிரைத்திறன். பொதுமக்களுக்கு விற்பது 2019-ல் நின்றுவிட்டது. இருந்தாலும் எடை குறைவு, நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் மலைக்காரர்களுக்கு இன்றும் அதன் மேல் ஒரு கண்.

நாலு சக்கரம் இழுக்கும் என்றதும் தார் ரோட்டிலும் அந்தக் கியரைப் போட்டு வளைவில் திருப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது தப்பு. ஜிப்சிக்கு அந்தக் கியர் சேற்றுக்கும் சரளைக்கும்தான். காய்ந்த தார் ரோட்டில் போட்டால் வளைவில் வண்டி முறுக்கிக்கொள்ளும். கியர் பெட்டி அடிவாங்கும்.

நமது வாலிபர் அந்தத் தப்பு செய்யவில்லை. அவருக்கு வேறு குறை. “முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குதுண்ணே. முப்பதாவது வளைவு தாண்டுனா மூச்சு வாங்குது. ஹெட்டர் மாட்டுனா பறக்கும்னு பசங்க சொன்னாங்க.”

ஹெட்டர் என்றால் என்ன?

என்ஜினில் 4 சிலிண்டர். நான்கில் இருந்தும் எரிந்த புகை வெளியே வர வேண்டும். கம்பெனி வண்டியில் அதற்கு வார்ப்பு இரும்பில் குட்டையாக ஒரு கிளைக்குழாய் இருக்கும். மேனிபோல்டு என்பார்கள். நான்கு வாசலும் உடனே ஒரே வாயில் போய்ச் சேரும்.

நாமக்கல் பஸ் நிலைய வாசலில் ஒரே நேரத்தில் 4 பஸ் மூக்கை நுழைத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியில் முட்டும்.

ஹெட்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளக் குழாய் வைத்துச் செய்தது. கொஞ்ச தூரம் தனியாகப் போன பிறகுதான் குழாய்கள் சேரும். முன்னால் போகும் புகை தன் வேகத்தால் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். சிலிண்டர் சுத்தமாகக் காலியாகும். அடுத்த மூச்சுக் காற்று நன்றாக உள்ளே வரும். என்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிப்பதால், 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி என்று சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது ஒரு முறை. வாலிபரின் சாக்குப்பையில் இருந்தது இந்த ரகம்.

“பறக்குமா?” என்று மெக்கானிக்கிடம் நாமும் கேட்டோம். அவர் சிரித்தார். அவர் கூறியதாவது:-

“சின்ன என்ஜின்ல ஏதோ நாலஞ்சு குதிரை கூடும். அதுவும் நல்லா முறுக்குனாத்தான் தெரியும். குழாய் ரொம்பப் பெருசா இருந்தா புகையோட வேகம் கொறஞ்சு அடிக்கியர் இழுவை போயிரும். வளைவுல ஒண்ணு, ரெண்டு கியர்ல மொள்ள உருட்டி ஏத்தறப்ப வேண்டியது அந்த இழுவைதானுங்க. டீசல் டர்போ வண்டிக்காரன் இதைக் கேட்டு வந்தா நான் திருப்பி அனுப்பிருவேன். அதுல புகைக்குழாய் மேலயே டர்போ உக்காந்திருக்கு. ஹெட்டர் மாட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

மேலே ஏற ஏற காற்று மெலிவதும் ஒரு காரணம். 100 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 சதவீதம் வீதம் என்ஜின் பலம் குறையும். கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல். ஆகவே எந்த வண்டிக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

40-வது வளைவில் வாந்தி

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

“நானும் எங்கம்மாவும்தான்” என்றார் வாலிபர். “அம்மாவுக்கு ரத்தம் கம்மின்னு மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டியாறேன்.”

“வண்டியில வரப்ப தலைவலி, மயக்கம்னு ஏதும் சொல்றாங்களா?”

வாலிபர் திகைத்தார். 3 மாதமாகவே தாய் அப்படிச் சொல்லி வந்தாராம். திரும்பி ஏறும்போது 40-வது வளைவு பக்கம் வாந்தி. வளைவுதான் காரணம் என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொல்லிமலை ரோட்டில் வாந்தி எடுப்பது அதிசயமா என்ன? பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டையே நடக்கும்.

ஆனால் அந்த அம்மாள் மலையிலேயே பிறந்தவர். 30 வருடமாக பஸ்ஸிலும் லாரியிலும் அதே வளைவில் ஏறி இறங்கியவர். ஒருநாளும் குமட்டியதில்லை.

இன்னொன்றும் வாலிபருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருநாள் காரவள்ளி அடிவாரத்தில் மழைக்கு ஒதுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டபடி கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். வண்டி நகரவே இல்லை. அப்போதும் தாய்க்கு மயக்கம்! கீழே இறக்கிக் காற்றாட உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது.

“நின்ன வண்டியில என்ன கண்ணு வளைவு?” என்றார் மெக்கானிக்.

கறுப்புக் கோடு

டார்ச் அடித்துக் காட்டினார். மேனிபோல்டு என்ஜினோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மை பூசியது போல ஒரு கறுப்புக் கோடு. வயர் பிரஷ்ஷால் தேய்த்ததும் இரும்பில் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தது. உள்ளே இருந்த கேஸ்கெட்டும் ஓரம் தீய்ந்திருந்தது.

பின்னால் சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகை, பானட்டுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வயர் போகிற ஓட்டை, பெடல் ஓட்டை, காற்று வரும் வழி என்று கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வண்டிக்குள் வந்திருக்கிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி எப்போதும் திறந்திருந்ததால் மகன் தப்பினார். குளிருக்குப் பயந்து தன் பக்கக் கண்ணாடியை மூடிக்கொண்ட தாய் மாட்டிக்கொண்டார்.

இந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு பொல்லாத வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். அப்புறம் தூங்குவது போலவே உயிர் போய்விடும். ரத்த சோகை உள்ளவர்களுக்கு ஆபத்து சீக்கிரம் வரும். அறிகுறி தெரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தி, ஆளைக் கீழே இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வண்டி இழுக்காமல் போனதற்கும் பாதிக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. வருடக்கணக்கில் துருப்பிடித்து, உள்தகடு உடைந்து அடைத்துக் கிடந்த சைலன்சர்!

உடைந்தது ஸ்டட்!

விரிசல் விட்ட மேனிபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வாங்கி வந்த ஹெட்டரையே மாட்டுவது என்று முடிவானது. காலை 9 மணிக்கு வேலை ஆரம்பம். நாமும் கூடவே நின்றோம்.

முதல் நாள் இரவே ஸ்டட், நட்டுகளுக்குத் துரு எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். வெப்பம் தடுக்கும் தகடு வந்தது. ஆக்சிஜன் சென்சாரைக் குழந்தையைத் தூக்குவது போலக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார் மெக்கானிக். கீழ்க் குழாயின் போல்டுகளும் வந்தன. மேனிபோல்டு நட்டு ஒன்று, இரண்டு, மூன்று... வரிசையாக வந்தன.

கடைசி ஸ்டட் “டக்”! பாதியில் முறிந்தது.

பட்டறையே அமைதியானது. ஜிப்சி என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். டிரில் கொஞ்சம் சாய்ந்தால் மரை போய்விடும். தலையையே கழற்ற வேண்டி வரும். முறிந்த துண்டின் நடுவில் புள்ளி குத்தி, முதலில் சின்ன டிரில், பிறகு பெரியது என்று ஓட்டை போட்டு, எதிர் மரை ஊசியை உள்ளே விட்டுத் திருகினார். ஒரே ஒரு துண்டுக்கு 3 மணி நேரம்! அது வெளியே வந்தபோது எடுபிடிப் பையன் கைதட்டியே விட்டான்.

பிறகு வேலை ஓடியது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தார்கள். ஹெட்டரின் முகப்பில் இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, கோணல் இருக்கிறதா என்று வெளிச்சம் விட்டுப் பார்த்தார்கள். புது ஸ்டட், புது கேஸ்கெட். நட்டுகளை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினார்கள். ஒரேயடியாக ஒரு பக்கம் இறுக்கினால் முகப்பு கோணி மறுபடி கசியும்.

அடுத்தது சந்தேகப்பட வேண்டிய இடம். மெல்லிய குழாய் என்பதால் வார்ப்பு இரும்பைவிட வெளியே அனல் அதிகம். வயர், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று மெக்கானிக் ஒவ்வொன்றாக அளந்தார். ஒரு வயர் கட்டு ஒட்டி நின்றது. அதை நகர்த்திக் கட்டி, நடுவில் தகடு வைத்தார். உள்ளே போகும் புகையின் சூடு 600, 700 டிகிரி. கோடையில் கொல்லிமலைக் காட்டில் சருகின் மேல் இப்படிப்பட்ட வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

மாலையில் சாவியைத் திருப்பினார்கள். வெள்ளைப் புகை கிளம்பியதும் வாலிபர் பதறினார். “குழாய் மேல இருந்த எண்ணெய் எரியுது கண்ணு, பயப்படாத” என்றார் மெக்கானிக். சோப்புத் தண்ணீரை இணைப்பில் எல்லாம் தெளித்தார். குமிழி எங்கும் வரவில்லை. ஆற விட்டு மறுபடி ஒருமுறை நட்டுகளை இறுக்கினார்.

சத்தத்துக்கு சண்டை

இதோடு முடியவில்லை. வாலிபரின் பையில் இன்னொரு சாமானும் இருந்தது. சத்தம் போடும் சைலன்சர்! அதையும் மாட்டச் சொன்னார். மெக்கானிக் மறுத்துவிட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம்.

“வளைவுல நீ எதை நம்பி திரும்புற? எதிர் வண்டி ஹாரனைத்தானே? உன் வண்டி சத்தத்துல பஸ் ஹாரன் உனக்கு எப்படிக் கேக்கும்?”

அவர் கேட்டது நியாயம். கொண்டை ஊசியில் பெரிய பஸ் திரும்பினால் ரோடு முழுவதும் அதற்கே சரியாக இருக்கும். மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி. இறங்குகிறவன் முன்கூட்டியே நிற்க வேண்டும். ஹாரன் கேட்டால்தானே நிற்பான்? விடுமுறை நாளில் சைலன்சரைக் கழற்றிவிட்டு மலையேறும் மோட்டார் சைக்கிள் சூரர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

சட்டமும் சும்மா இல்லை. சத்தத்தை அடக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். லைசென்சும் 3 மாதம் போகும். சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு 182-ஏ பிரிவில் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய். இது 2019-ல் வந்த திருத்தம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று அதே 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. ஆகவே ஹெட்டர் மாட்டுகிறவர்களும் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது. கடைக்காரர் சொல்வதை நம்பிப் பயனில்லை. அபராதம் கட்டப்போவது அவர் அல்ல.

கடைசியில் கம்பெனி மாதிரி புது சைலன்சர் ஒன்றே மாட்டப்பட்டது. மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும், புகைப் பரிசோதனைக்கும் போகச் சொல்லி அனுப்பினார் மெக்கானிக்.

தாய் சொன்னது

4 நாள் கழித்து நட்டுகளை மறுபடி சரிபார்க்க வாலிபர் வண்டியோடு வந்தார். முன் சீட்டில் தாய்.

“எப்படிங்கம்மா இருக்கு?” என்று கேட்டோம்.

“தலைவலி இல்லீங்க சாமி. அன்னிக்கு ஏர்றப்ப சோளக்காடு வந்ததே தெரியல. முழிச்சுக்கிட்டேதான் வந்தேன்” என்றார்.

வண்டி பறக்கிறதா என்று மகனைக் கேட்டோம். “கொஞ்சம் பரவால்லீங்க” என்றார்.

சத்தம் போடும் சைலன்சர் இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. திருப்பி வாங்க ஆள் தேடுகிறாராம்.