திரையில் கண்டதெல்லாம் வரலாறாகுமா?

உளவாளிகளின் சாகசங்களைச் சித்திரிக்கும் திரைப்படங்களுக்கு உலகெங்கும் வரவேற்பு உண்டு. ஜேம்ஸ் பொண்ட் படமொன்றைப் பார்த்துவிட்டு வரும் எவரும் அது உண்மையா, பொய்யா என்று வினவுவதில்லை. கற்பனை என்பதை அறிந்தே அதனை நாம் இரசிக்கின்றோம். ஆனால், அண்மைக்கால வரலாற்றிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, நடந்ததை நடந்தவாறே கூறுகின்றோம் என்ற தோரணையில் ஓர் உளவுத் திரைப்படம் வருமாயின், அதனை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? 2012ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளியான 'ஸீரோ டார்க் தேர்ட்டி' என்ற திரைப்படம் இக்கேள்வியை விமர்சகர்கள் முன் வைத்தது. அதற்கு அவர்கள் அளித்த பதில்களும், பின்னர் வெளிவந்த உண்மைகளும் இன்றும் நமது சிந்தனைக்குரியவை.

அல்-கைதா இயக்கத்தின் தலைவர் ஒசாமா பின்லேடன் 2011 மே 2ஆம் திகதி பாகிஸ்தானின் அபோதாபாத் நகரில் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டார். அவரைத் தேடிய பத்தாண்டு கால வேட்டையே இப்படத்தின் கதை. நெறியாள்கை கத்ரின் பிகலோ. சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. திரைக்கதையை எழுதியவர் ஊடகவியலாளராக இருந்து திரைத்துறைக்கு வந்த மார்க் போல். சம்பவங்களில் நேரடியாகப் பங்குகொண்டோரின் கூற்றுகளை அடிப்படையாகக் கொண்டது என்ற அறிவிப்புடன் படம் ஆரம்பமாகின்றது. அதனைத் தொடர்ந்து, இருண்ட திரையில் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் சிக்கியவர்களின் குரல்கள் ஒலிக்கின்றன. அடுத்து வருவது, கைதி ஒருவரை சி.ஐ.ஏ. அதிகாரி சித்திரவதை செய்யும் நீண்ட காட்சி.

படத்தின் கலைத்திறனை விமர்சகர்களில் பெரும்பாலானோர் வியந்து பாராட்டினர். பொதுமக்களின் பார்வைக்கு வருமுன்னரே நியூயோர்க் திரைப்பட விமர்சகர் வட்டம் அதனை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்தது. செய்திப்படத்தை ஒத்த ஒளிப்பதிவு, ஆரவாரமற்ற நடிப்பு, இறுதிப் பகுதியில் இடம்பெறும் இரவுநேரத் தாக்குதலின் பதற்றம் ஆகியன புகழப்பட்டன. புலனாய்வு அதிகாரி மாயாவாக நடித்த ஜெசிக்கா சஸ்டெயினுக்குக் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

எதிர்ப்பு எழுந்ததும் அதே வேகத்தில்தான். பின்லேடனிடம் இட்டுச்சென்ற தூதுவரின் பெயர் சித்திரவதையின் மூலமே பெறப்பட்டது என்ற எண்ணத்தைப் படம் விதைக்கின்றது என்பதே குற்றச்சாட்டு. சித்திரவதைக்கு அமெரிக்க அரச நிர்வாகத்தின் உள்ளேயே எழுந்த எதிர்ப்பைப் படம் மறைத்துவிட்டதாக 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் ஜேன் மேயர் எழுதினார். சித்திரவதையைச் சலனமின்றிக் காட்டுவதே அதனைச் சாதாரண நிகழ்வாக்கிவிடும் என மெய்யியலாளர் ஸ்லாவோய் ஷிஷெக் வாதிட்டார்.

ஆதரவாளர்களிடமும் பதில் இருந்தது. படத்தில் அக்கைதி பெயரை வெளியிடுவது வதையின்போது அல்ல. பின்னர் உணவளித்துத் தந்திரமாகப் பேசும்போதே அவர் வாய் திறக்கின்றார். அத்தூதுவர் பற்றிய முக்கிய குறிப்பு, பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த கோப்பொன்றில் இருந்தே கண்டெடுக்கப்படுகின்றது. ஒன்றைச் சித்திரிப்பது அதனை ஆதரிப்பதாகாது என்று பிகலோவும் விளக்கமளித்தார். இவ்விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், வதைக் காட்சிக்கும் பெயர் வெளிவரும் காட்சிக்கும் இடையே படம் ஒரு காரண காரியத் தொடர்பை ஏற்படுத்துகின்றது என்பதை மறுப்பது கடினம்.

சர்ச்சை பத்திரிகைப் பக்கங்களுடன் நின்றுவிடவில்லை. படம் திரையிடப்பட்ட 2012 டிசம்பர் 19ஆம் திகதியன்றே செனட்டர்களான டயான் பைன்ஸ்டைன், கார்ல் லெவின், ஜோன் மெக்கெய்ன் ஆகிய மூவரும் சோனி பிக்சர்ஸ் தலைவருக்குக் கடிதம் எழுதி, படம் மக்களைத் தவறாக வழிநடத்துவதாகக் கண்டித்தனர். மெக்கெய்ன் வியட்நாமில் போர்க்கைதியாகச் சித்திரவதையை அனுபவித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சி.ஐ.ஏ.யின் பதில் பணிப்பாளர் மைக்கல் மொறெலும், வதையே வெற்றியின் திறவுகோல் என்ற தோற்றப்பாடு பொய்யானது எனத் தமது ஊழியர்களுக்கு அறிவித்தார். ஆயினும், வதைக்குள்ளான சிலரிடமிருந்தும் தகவல்கள் கிடைத்தன என்பதை அவர் மறுக்கவில்லை.

அதே சி.ஐ.ஏ. இப்படத்தின் தயாரிப்புக்கு உதவிய விடயம் இங்கு முக்கியமானது. 2013 மே மாதம் வெளியான ஆவணமொன்றின்படி, திரைக்கதை குறித்து அந்நிறுவனத்துடன் கலந்துரையாடப்பட்டு, அதன் ஆட்சேபங்களுக்கமைய சில பகுதிகள் மாற்றப்பட்டன. விசாரணையில் நாயைப் பயன்படுத்தும் காட்சி அவற்றுள் ஒன்று. மதுபோதையில் அதிகாரி ஒருவர் வானை நோக்கிச் சுடும் காட்சி மற்றொன்று. கதையின் நாயகர்களே கதைக்கான தகவல்களை வழங்கி, அதனைத் திருத்தவும் செய்தால், பார்வையாளனுக்குக் கிடைப்பது யாருடைய வரலாறு?

பாகிஸ்தானில் எழுந்த விமர்சனம் வேறு வகையானது. அந்நாட்டு மக்கள் உருதுவையும் பஷ்துவையும் பேச, படத்திலோ அரபு மொழி ஒலிக்கின்றது என அங்குள்ளோர் எள்ளி நகையாடினர். இதனிலும் பாரதூரமான தவறு ஒன்றுண்டு. பின்லேடனின் இருப்பிடத்தை உறுதிசெய்ய சி.ஐ.ஏ. நடத்திய போலித் தடுப்பூசித் திட்டம் உண்மையில் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கானது. படம் அதனைப் போலியோவாகக் காட்டியது. படம் வெளியான அதே மாதத்தில் பாகிஸ்தானில் போலியோத் தடுப்பு மருந்து வழங்கிய சுகாதாரப் பணியாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொலைகளுக்குப் படம் காரணமல்ல. ஆனால், அத்தகைய சந்தேகம் உயிரைப் பறிக்கும் ஒரு நாட்டைப் பற்றிய படத்தில் இதனைச் சிறு பிழையென ஒதுக்கிவிட முடியாது.

2013 பெப்ரவரியில் நடைபெற்ற ஒஸ்கார் விழாவில் ஐந்து பரிந்துரைகளைப் பெற்றிருந்த இப்படத்துக்கு ஒலித் தொகுப்புக்கான விருது மட்டுமே கிட்டியது. அதுவும் 'ஸ்கைபோல்' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்துடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. சிறந்த படத்துக்கான விருதை 'ஆர்கோ' என்ற மற்றோர் உளவுத் திரைப்படம் தட்டிச்சென்றது.

விமர்சகர்கள் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், உண்மையை உரசிப் பார்க்கக்கூடிய ஆவணம் ஒன்று பூட்டிய அறைக்குள் இருந்தது. சி.ஐ.ஏ.யின் தடுப்புக்காவல், விசாரணை முறைகள் பற்றி செனட் புலனாய்வுக் குழு தயாரித்த 6,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கைக்கு, படம் வெளியாவதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர்தான் குழுவின் அங்கீகாரம் கிடைத்திருந்தது. அதன் சுருக்கம் 2014 டிசம்பர் 9ஆம் திகதியே பகிரங்கப்படுத்தப்பட்டது. அத்தூதுவர் பற்றி ஒரு கைதியிடமிருந்து பெறப்பட்ட மிகத் துல்லியமான தகவல், ஹசன் குல் என்பவர் வதைக்குள்ளாக்கப்படுவதற்கு முன்னரே வழங்கியது என அது முடிவு கூறியது. சி.ஐ.ஏ.யும் குழுவின் சிறுபான்மை உறுப்பினர்களும் அதனை ஏற்கவில்லை. எனினும், 2012இல் திரையரங்குகளில் பார்த்ததை வரலாறாக எடுத்துக்கொண்டு சென்றவர்களுள் எத்தனை பேர் இந்த அறிக்கையை வாசித்திருப்பர்?

இதிலிருந்து நாம் பெறவேண்டிய தெளிவு ஒன்றே. திரையில் காண்பது உண்மைபோல் தோன்றுவது கலைஞனின் திறமை. அது உண்மைக்குச் சான்றாகாது. இரகசியமாகச் செயற்படும் ஒரு நிறுவனத்தைப் பற்றிய படத்தை மதிப்பிடுகையில், எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருக்கின்றது என்ற கேள்வியோடு, இத்தகவலைத் தந்தவர் யார், தந்ததன் நோக்கம் என்ன என்ற கேள்விகளையும் விமர்சகன் கேட்டேயாக வேண்டும். சித்திரவதை பயனளிக்கும் என்ற நம்பிக்கை ஒரு சமூகத்தில் வேரூன்றினால், அதன் விலையைச் செலுத்துபவர்கள் திரையரங்கில் அமர்ந்திருப்போர் அல்லர். எங்கோ ஓர் இருட்டறையில் அடைபட்டிருக்கும், முகமறியாத மனிதர்களே.