ஆடு மட்டும் போதாது, மேய்ச்சல் நிலமும் வேண்டும்

நிலமற்ற குடும்பத்திற்கு ஆடே சேமிப்பு. மருத்துவச் செலவோ கல்விக் கட்டணமோ நெருக்கும்போது கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் காப்பது அதுதான். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் கிராமப்புறக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஆடுகள் வந்தன, அவை மேய நிலம் வரவில்லை. எந்த ஆடு, எந்த நிலத்தில் என்னும் இரு கேள்விகளையும் நாம் சேர்த்தே எழுப்ப வேண்டியுள்ளது.

தீவனத்திற்கு முதலீடு இல்லாதோருக்கு ஏற்றவை, வறண்ட தரிசில் நடந்து மேய்ந்து பிழைக்கும் நாட்டுச் செம்மறிகளே. சேலம், ஈரோடு பகுதிகளின் மேச்சேரி, தூத்துக்குடி, விருதுநகர் பகுதிகளின் வேம்பூர், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளின் சென்னைச் சிவப்பு ஆகியவை அத்தகையவை. இவை இறைச்சிக்கான இனங்கள். உடலில் கம்பளி இல்லாததால் கத்தரிக்கும் வேலை இல்லை, வெப்பத்தையும் தாங்குகின்றன.

ஆயினும் இவ்வியல்புகள் தாமே நிலைப்பதில்லை. உதவியின்றி ஈன்று குட்டியை வளர்க்கும் தாய், கோடையில் உடல் தளராத ஆடு, குடற்புழு மருந்து அடிக்கடி தேவைப்படாத ஆடு ஆகியவற்றின் வழித்தோன்றல்களையே இனவிருத்திக்கு வைக்க வேண்டும். வறுமையோ இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. வேகமாக வளரும் கிடாக்குட்டி முதலில் வியாபாரியிடம் போகிறது. விலைபோகாத மெலிந்த கிடாவே மந்தையில் எஞ்சி அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது.

இதற்குக் கூட்டுறவே மாற்று. ஒரு பொலிகிடா 25 முதல் 30 பெட்டை ஆடுகளுக்குப் போதும். மூன்று பெட்டைகள் வீதம் வைத்திருக்கும் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நல்ல கிடா ஒன்றைப் பொதுவில் வாங்கலாம். ஈராண்டுக்கு ஒருமுறை அடுத்த ஊருடன் அதை மாற்றிக்கொண்டால், தன் குட்டிகளுடனே கிடா இணைவதையும் தவிர்க்கலாம். நாட்டினம் என்பதற்காக ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைக் கைவிடலாகாது.

பராமரிப்புச் செலவு குறைவு என்பதன் பொருள், அச்செலவை மேய்ச்சல் நிலம் ஏற்கிறது என்பதே. மேய்க்கால் புறம்போக்கை ஆதிக்கச் சாதியினர் வளைத்துக்கொண்டாலோ, சேரி ஆடுகள் வரக் கூடாதென்று தடுத்தாலோ, எந்த இனமும் நம்மைக் கரையேற்றாது.

சட்டம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. ஊரின் பொதுச் சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதிலிருந்து பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அவ்வகுப்புகளைச் சேராத ஒருவர் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது. பிரிவு 3(1)இன் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. மேய்க்கால் புறம்போக்கும் அத்தகைய வளமே என்பது நம் வாதம்.

கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமென ஜக்பால் சிங் வழக்கில் 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தீர்ப்பைக் காட்டித் தலித் மக்களை வெளியேற்ற முயன்றால், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அளிக்கப்பட்ட குத்தகைகள் விதிவிலக்காகலாம் என அதே தீர்ப்பு கூறுவதை நாம் எடுத்துக்காட்ட வேண்டும்.

எனவே முதல் பணி, தகவல் உரிமைச் சட்டத்தின் வழி ஊரின் அ-பதிவேட்டைப் பெற்று, மேய்க்கால் புறம்போக்கின் புல எண்ணையும் பரப்பையும் அறிவது. அடுத்தது, அதைக் கிராம சபையில் படித்து மீட்புத் தீர்மானம் கோருவது. பொலிகிடாவைத் தேடுவதும் புல எண்ணைத் தேடுவதும் ஒரே போராட்டத்தின் இரு பணிகள்.