மீன் வெளுத்துப் போனதா? தொட்டியின் அடியைப் பாருங்கள்!

கடையில் பார்த்தபோது சிவப்பும் மஞ்சளுமாக மின்னிய மீன், வீட்டுத் தொட்டியில் விட்ட மறுநாளே சாயம் போன துணி மாதிரி வெளுத்து விடுகிறது. "கடைக்காரன் ஏமாற்றி விட்டான்" என்பார் பக்கத்து அறைக்காரர். "சீக்கு வந்து விட்டது. மருந்து ஊற்று" என்பார் இன்னொருவர். உடனே நீல மருந்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறார்கள். இல்லாத நோய்க்கு மருந்து! இரண்டு மூன்று நாளில் மீன் செத்து மிதக்கிறது.

மும்பையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், கிராபர்ட் மார்க்கெட் பக்கமோ குர்லாவிலோ மீன் வாங்கி வந்து, டெலிவிஷனுக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, குழந்தைகளுக்காக வாங்கியதாக இருக்கும். அந்தப் பணம் வீணாகக் கூடாது அல்லவா? மருந்துக் கடைக்கு ஓடும் முன்பு, தொட்டியின் அடியில் என்ன நிறக் கல் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பளபள வெள்ளைக் கல்லாக இருந்தால், பெரும்பாலும் அதுதான் காரணம்.

தோலுக்குள் ஒரு மைக்கூடு

மீனின் தோலில் கறுப்பு நிறமிச் செல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கால்களை விரித்த சிலந்தி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் கறுப்புத் துகள்கள். அவை நடுவில் வந்து குவிந்தால் புள்ளி சிறுத்து விடும். மீன் வெளிறித் தெரியும். கால்கள் முழுவதும் பரவினால் மீன் கறுக்கும். சிவப்பு, மஞ்சள் செல்களும் இதே மாதிரி சுருங்கி விரியக் கூடியவை.

இதற்கு உத்தரவு போடுவது எது? கண்! மேலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு, அடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடி வெள்ளையாக இருந்தால் கீழிருந்து நிறைய வெளிச்சம் வரும். உடனே நரம்பு வழியாகவும் ரத்தத்தில் ஓடும் சுரப்பு நீர் வழியாகவும் "வெளுத்துக் கொள்" என்று தோலுக்குச் செய்தி போகிறது. 1870-களிலேயே பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஜார்ஜ் பூஷே இதைக் கண்டு சொன்னார். பார்வை போன மீன், தரைக்கு ஏற்ப நிறம் மாறவில்லை.

இந்த மாற்றம் சில நிமிடங்களிலேயே நடந்து விடும். ஆனால் வாரக் கணக்கில் வெள்ளைத் தரையிலேயே வைத்திருந்தால், கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறைந்து போகிறது. அப்புறம் கல்லை மாற்றினாலும் பழைய நிறம் திரும்பச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

மீனுக்கு இது அலங்காரம் இல்லை, உயிர்ப் பிரச்சினை. மேலே கொக்கும் மீன்கொத்தியும் காத்திருக்கின்றன. 1930-களில் அமெரிக்க விஞ்ஞானி சம்னர் ஒரு சோதனை செய்தார். கம்பூசியா மீன்களில் ஒரு பகுதியை வெள்ளைத் தொட்டியிலும் ஒரு பகுதியைக் கறுப்புத் தொட்டியிலும் வளர்த்தார். பிறகு இரண்டையும் கலந்து விட்டு, பெங்குவின் பறவையை உள்ளே விட்டார். தரையோடு நிறம் ஒத்துப் போகாத மீன்களே அதிகமாக அகப்பட்டன!

நம் நாட்டு மீன்கள்

வெளிநாட்டுத் தங்க மீனை விடுங்கள். இன்று தொட்டிகளில் நீந்தும் மீன்களில் பல நம் நாட்டு ஆறுகளுக்குச் சொந்தம். உலகத்துச் சோதனைச் சாலைகளில் எல்லாம் வளர்க்கப்படும் ஜீப்ரா மீன், கங்கைக் கரை நாட்டு மீன்தான். 1822-ல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதைப் பதிவு செய்தார். குஞ்சாக இருக்கும்போதே அது தரையைப் பார்த்து நிறம் மாற்றும். வளர்ந்த ஜீப்ரா மீனுக்குப் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இடம் கொடுத்தால், கறுப்புப் பக்கத்திலேயே அதிக நேரம் இருக்கும்.

'மிஸ் கேரளா' என்று கடையில் விற்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் ஒரு கறுப்புக் கோடு, அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. சாலியாறு, வளபட்டணம் ஆறு, அச்சன்கோவிலாறு போன்ற மலையாள நாட்டு ஆறுகளில் உள்ளது. 1865-ல் இதற்குப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் டே. அப்போது சென்னை மாகாணக் கவர்னராக இருந்த டெனிசனின் பெயரையே மீனுக்கு வைத்து விட்டார். ஏற்றுமதிக்காக அளவில்லாமல் பிடித்ததால் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்ந்திருக்கிறது. வாங்குவதானால், பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். நிழல் விழும் ஆற்றுப் பாறைகளில் திரிந்த மீனை வெள்ளைக் கல் மேல் விட்டால், சிவப்புக் கோடு மங்கும். மூலையில் போய் ஒண்டிக் கொள்ளும்.

தேன் கௌராமி, குள்ளக் கௌராமி இரண்டும் வடகிழக்கின் சேற்றுக் குட்டைகளையும் செடி மண்டிய ஓடைகளையும் சேர்ந்தவை. கறுத்த தரையும் மேலே மிதக்கும் செடியும் இருந்தால்தான் கூச்சம் தெளியும். பச்சோந்தி மீன் என்று பெயரெடுத்த பாடிஸ், கண்ணெதிரிலேயே நிறம் மாற்றிக் காட்டும்.

அதற்காக எல்லா மீனுக்கும் கறுப்புதான் என்று நினைத்து விடாதீர்கள். நம்மூர் அயிரையை எடுத்துக் கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்தார் குழம்பு என்றதும் நாக்கைச் சப்புக் கொட்டுவார்கள். அதைத் தொட்டியிலும் வளர்க்கலாம். அதன் உடம்பே மணல் நிறம்தான். பழுப்பு ஆற்று மணலில் புதைந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அதற்கு நிறத்தை விட முக்கியம், மணல் நைசாக இருக்க வேண்டும் என்பது. கூரான ஜல்லி அதன் மீசையைக் கிழித்து விடும். மும்பையைச் சுற்றிக் கிடைக்கும் கருங்கல் பொடி நிறத்தில் அழகு. ஆனால் முனை கூர்மை. அயிரைக்கு ஆகாது.

எலுமிச்சை சோதனை

வெள்ளைக் கல்லில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது சலவைக்கல் துண்டாக இருந்தால், சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். மலையாற்று மீன்களுக்கு இது ஒத்து வராது. ஒரு கல்லின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் அந்தக் கல் வேண்டாம். ஜூஹூ கடற்கரை மணலை அள்ளி வருவதும் கூடாது. அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். சாயக் கல்லானால், ஒரு கல்லை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் தூர எறியுங்கள்.

எது நோய்?

விளக்குப் போட்ட உடனே பார்த்தால் பல மீன்கள் வெளிறித்தான் இருக்கும். இரவுத் தூக்க நிறம் அது. புதிதாக வந்த மீன் பயத்திலும் வெளுக்கும். தீனி தின்கிறதா, துடுப்பை விரித்து நீந்துகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மருந்து தேவையில்லை. மேலே வந்து வாய் பிளந்தால், துடுப்பை மடக்கிக் கொண்டால், உடம்பில் உப்புப் பொரி மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தால் அது நோய். எல்லா மீனும் வெளுத்திருக்க ஒன்று மட்டும் கறுத்து நின்றால், அதன் கண்ணைக் கவனியுங்கள். பார்வை போயிருக்கலாம்.

இன்னொன்று. சிவப்பையும் மஞ்சளையும் தரும் சத்தை மீனால் தானே உண்டாக்க முடியாது. தீனியில் வர வேண்டும். தரையை மாற்றி விட்டு வெறும் ரொட்டித் தூள் போட்டால் சிவப்பு வராது.

கடைக்காரர்கள் மேல் வரும் சந்தேகம் முழுக்கப் பொய்யும் அல்ல. நம் நாட்டுக் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பது நடக்கிறது. ஊடுருவித் தெரியும் உடம்பில் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். அந்தச் சாயம் எந்தத் தரையிலும் நிற்காது.

காசு செலவழிக்கும் முன்பு ஒரு சோதனை. இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தொட்டித் தண்ணீரே ஊற்றி, ஆளுக்கு ஒரு ஜீப்ரா மீனை விடுங்கள். ஒன்றைச் சுற்றியும் அடியிலும் கறுப்புத் தாள். மற்றதற்கு வெள்ளைத் தாள். மேலே மட்டும் திறப்பு. அரை மணி நேரம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளை!

மாற்றுவதானால், இரண்டடி நீளம் ஓரடி அகலமுள்ள தொட்டிக்கு ஓர் அங்குல உயரம் பரப்ப ஏறத்தாழ ஏழு கிலோ மணல் போதும். கலங்கல் போகும் வரை வாளியில் அலசுங்கள். பழைய கல்லை ஒரே நாளில் வாரிக் கொட்டி விடாதீர்கள். கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் அந்தக் கல்லில்தான் குடியிருக்கின்றன. இந்த வாரம் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. அந்த நாட்களில் தீனியையும் பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.