செய்தியாளர் வீட்டுக்கு வந்தால்: நாம் அறிந்திருக்க வேண்டிய சில ஆங்கிலச் சொற்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணிக்காகச் சென்றுவரும் கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாட்களில் காணாமல்போன மகனை இன்றும் தேடிக்கொண்டிருப்பவர். வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவருக்கு அவர் தமது கதையைச் சொல்லியிருந்தார். கட்டுரை வந்ததும் அயல்வீட்டுப் பிள்ளை அகராதி பார்த்து அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் சென்றபோது அக்காவின் முகம் வாடியிருந்தது.

"பிள்ளை, நான் பொய் சொல்லுறன் எண்டோ எழுதியிருக்கினம்?" என்று கேட்டார்.

அவரை நோகச் செய்த சொல் 'அலெஜ்ட்'. நீதிமன்றத்தில் இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டைப் பற்றி எழுதும்போது செய்தியாளர்கள் வழமையாகப் பாவிக்கும் சொல் அது. சொன்னவர் பொய்யர் என்பது அதன் பொருளல்ல என்று விளக்கினேன். ஆனால் 'கிளெய்ம்ட்' என்ற சொல்லில் சற்றுச் சந்தேகம் தொனிக்கும். 'செட்' என்றால் 'சொன்னார்' என்பது மட்டுமே.

"அது சரி பிள்ளை, என்ர பேரையும் போட்டிட்டினம். பிறகு ரெண்டு பேர் வந்து விசாரிச்சிட்டுப் போனவை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசுவதற்கு முன்பே அவர் அறிந்திருக்க வேண்டிய சொற்களை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானுந்தான்.

சகோதரிகளே, இவற்றை நினைவில் வைத்திருங்கள்.

'ஒன் த ரெக்கோட்' என்றால் நீங்கள் சொல்வது உங்கள் பெயருடன் வெளிவரலாம். 'நொட் ஃபோர் அட்ரிபியூஷன்' என்றால் சொன்னது வரும், பெயர் வராது. 'ஓஃப் த ரெக்கோட்' என்றால் பொதுவாகப் பிரசுரிப்பதற்கல்ல. இவற்றைப் பேசத் தொடங்குமுன் சொல்லி, செய்தியாளரின் சம்மதத்தையும் பெறவேண்டும். பேசிமுடித்தபின் கேட்பது பயன்தராமல் போகலாம். 'கோட்' என்பது உங்கள் வாய்ச்சொல்லை அப்படியே போடுவது. மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினால் அதைத் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'கன்சென்ட்' என்பது சம்மதம். பேச்சுக்குச் சம்மதித்தவர் படத்துக்கும் சம்மதித்தவராகார்.

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அவரது அனுமதியின்றி அடையாளப்படுத்திப் பிரசுரிப்பது, தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பொதுவாகக் குற்றமாகும்.

பிழையாக எழுதினால் ஆசிரியரிடம் 'கரெக்‌ஷன்', அதாவது திருத்தம், கேட்கலாம். இலங்கைப் பத்திரிகையெனில், 2003இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அண்மையில் இன்னொரு செய்தியாளர் வந்தபோது அக்கா முதலில் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாராம்: "மகன்ர பேரைப் போடுங்கோ, அவனைத் தேடவேணும். என்ர மகளின்ர படம் வேண்டாம். இதுக்கு ஓமெண்டால் இருங்கோ, கதைப்பம்."

செய்தியாளர் ஓமென்று சொல்லியபின்னரே அக்கா பாயை விரித்தார்.