ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ புதினத்தில் மாந்தர், இல்லம், பின்புலம்: சொத்துரிமை நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’ கொங்கு வட்டாரப் புதினங்களின் முன்னோடியாகும். இதில் கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கிறாள். அக்கோரிக்கை தனிமனிதப் பேராசையில் தோன்றியதன்று. கூட்டுக் குடும்பத்தில் அவளுக்கு அமைந்த நிலையில் தோன்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொங்கு வட்டாரம், கூட்டுக் குடும்பம், கைம்பெண், நிலப்பங்கு, சொத்துரிமை.

முன்னுரை

செல்வத்தைப் பொருளாகக் கொண்ட புதினங்களில் இல்லம், மாந்தரின் தகுதியை அளக்கும் கோலாக அமைவதுண்டு. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) இதற்குச் சான்று. அதில் வளைகுடாவின் ஒரு கரையில் பரம்பரைச் செல்வரான புக்கானன் தம்பதியரின் மாளிகை உள்ளது. எதிர்க்கரையில், வடக்கு டகோட்டாவின் ஏழை உழவர் குடியில் பிறந்த கேட்ஸ்பி விலைக்கு வாங்கிய மாளிகை உள்ளது. மாளிகையை வாங்க முடிந்த அவனால் குடிப்பின்புலத்தை வாங்க இயலவில்லை. ‘நாகம்மாள்’ காட்டும் உழவர் உலகில் செல்வம் என்பது நிலம். அந்நிலம் குடும்பத்தின் வழியே வருவது. எனவே, அங்கு எழும் வினா யாரிடம் பணம் உள்ளது என்பதன்று. குடும்பத்தில் யார் பங்காளி என்பதே.

மாந்தர்

கணவனை இழந்த நாகம்மாள், தன் சிறு மகளுடன் கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தில் வாழ்கிறாள். சின்னப்பன் உழைப்பாளி, அவன் மனைவி இராமாயி பொறுமைசாலி. இருவரையும் ஆசிரியர் கொடியவர்களாகப் படைக்கவில்லை. புதினத்தின் வலிமை இங்குதான் உள்ளது. கொடுமைக்காரர் இல்லாத வீட்டிலும் கைம்பெண்ணுக்கு உரிமை இல்லாதிருக்கலாம் என்பதை இப்படைப்பு உணர்த்துகிறது. நாகம்மாளைப் பங்கு கேட்கத் தூண்டும் கெட்டியப்பனுக்கோ அந்நிலத்தில் எவ்வுரிமையும் இல்லை.

இல்லம்

ஓரகத்தியர் இருவரும் வாழ்வது ஒரே வீட்டில். ஆயினும், இராமாயிக்கு அது கணவனின் வீடு. நாகம்மாளுக்குக் கொழுந்தனின் வீடு. கணவன் உயிரோடிருந்தபோது அவளுக்கும் உரியதாயிருந்த அதே வீடு, அவன் மறைவுக்குப்பின் அவளை ஆதரிக்கும் இடமாகச் சுருங்குகிறது. உண்ண உணவும் இருக்க இடமும் கிடைத்தாலும், நிலத்தை என்ன செய்வது என்னும் முடிவில் அவள் சொல்லுக்கு இடமில்லை. பங்கு கேட்பது, இழந்த அந்த இடத்தை மீட்கும் முயற்சியாகும்.

பின்புலம்

இக்கோரிக்கையைச் சட்ட வரலாற்றோடு இணைத்து நோக்குதல் தகும். பழைய மிதாட்சர முறையில், பாகம் பிரியாத குடும்பத்தின் கைம்பெண்ணுக்கு வாழ்க்கைச் செலவு பெறும் உரிமை மட்டுமே இருந்தது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கணவனின் பங்கை வரையறுக்கப்பட்ட உரிமையாக அவளுக்கு அளித்தது. பாகப்பிரிவினை கோரவும் இடந்தந்தது. ஆனால், மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்திற்கு அச்சட்டம் பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் வேளாண் நிலத்திற்கும் அதனை விரிவாக்கியது 1947இல்தான். முழு உரிமை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால் வந்தது.

எனவே, புதினம் வெளிவந்த 1942இல், உழவர் குடும்பத்துக் கைம்பெண்ணின் நிலப்பங்குக் கோரிக்கைக்கு அச்சட்டத்தின் துணை இல்லை. சட்டவழி அடைபட்டிருந்த சூழலில், கெட்டியப்பன் போன்ற ஊர் முரடனின் துணையே அவளுக்கு எளிதில் வாய்த்தது. அத்துணை உரிமையைப் பெற்றுத்தரவில்லை; கதை சின்னப்பனின் கொலையில் முடிகிறது.

முடிவுரை

நாகம்மாளைப் பேராசைக்காரி என்றோ, பிறர் சொல்கேட்டுக் கெட்டவள் என்றோ மதிப்பிடுவது அவள் கோரிக்கையின் நியாயத்தை மறைத்துவிடும். கோரிக்கை நியாயமானது, அதற்கு அவள் நாடிய துணை அழிவைத் தந்தது. இவ்விரண்டையும் பிரித்து நோக்கும்போதே இப்புதினம் குடும்பச் சண்டையின் கதை என்னும் எல்லையைக் கடந்து, பெண்ணின் சொத்துரிமை குறித்த தொடக்ககாலத் தமிழ்ப் புதினங்களுள் ஒன்றாக விளங்குகிறது.